நதிமூலம், ரிஷிமூலம், நாப்கோ மூலம்

பழைய பிக்கப் டிரக்குகளை ஏலத்துக்குக் கொண்டுவரும் நிறுவனங்களில் விவரக்குறிப்பு எழுதுவோருக்கும், அவற்றுக்கு மதிப்புச் சான்று தருவோருக்கும், அவற்றைப் புதுப்பிக்கும் பட்டறைக்காரர்களுக்கும்,

வணக்கம்.

சென்ற அக்டோபரில் மினசோட்டாவின் தென்மேற்கு மூலையில், ஒரு பண்ணைக் கொட்டகைக்குள், அட்டைப் பெட்டியைப் பிரித்து விரித்து அதன் மேல் மல்லாந்து படுத்துக் கிடந்தேன். மூக்குக்கு ஒரு சாண் மேலே 1958 செவர்லே அப்பாச்சி பிக்கப் ஒன்றின் சேசிஸ். ஏல அறிவிப்பில் அந்த வண்டியை 'ஃபேக்டரி நாப்கோ' என்று போட்டிருந்தார்கள். அதாவது, நாப்கோ என்ற நாலு சக்கர இழுவை கிட் பிறகு மாட்டியதல்ல, கம்பெனி ஆர்டரிலேயே வந்தது என்று அர்த்தம். வாங்க நினைத்த நண்பர் ஒருவர், "ஒரு தடவை அடியில பாத்துச் சொல்லுங்க சார்" என்று கேட்டதால் போயிருந்தேன்.

இழுவையை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டியான டிரான்ஸ்ஃபர் கேஸைத் தாங்கும் இடப்பக்க பிராக்கெட்டுக்கும் சேசிஸுக்கும் நடுவே, ஓரத்தில் மட்டும், மயிரிழை இடைவெளி. இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜின் மெல்லிய தகட்டை அதில் விட்டு இழுத்தேன். காய்ந்த கறுப்பு மண் பொரிப்பொரியாக நெஞ்சில் கொட்டியது. கூடவே நசுங்கிப் போன ஒரு வைக்கோல் துணுக்கு. பிராக்கெட்டின் போல்ட் தலைகளில் பழைய பெயிண்ட் விரிசல்கூட விடாமல் அப்படியே இருந்தது. யாரும் கழற்றி மாட்டிய தடயம் இல்லை. அப்படியானால் பிராக்கெட் ஏறுவதற்கு முன்பே அந்தச் சேசிஸ் ஏதோ வயலில் ஓடிச் சேறு பூசிக்கொண்டிருக்கிறது. தொழிற்சாலையில் வைக்கோல் ஏது?

இந்த மடலின் சுருக்கத்தை ஆங்கிலத்தில் உங்களுக்கு அனுப்பியாயிற்று. அதில் 'மரியாதையுடன்' என்ற சொல் நான்கு இடத்தில் வருகிறது. தமிழில் எழுதுவதற்குக் காரணம் இரண்டு. இங்கே குடியேறிய நம் ஆட்களும் இப்போது இந்த ஏலங்களில் கை தூக்குகிறார்கள். அவர்களும் படிக்க வேண்டும். இன்னொன்று, கோபத்தை எனக்குத் தமிழில்தான் ஒழுங்காகச் சொல்ல வரும்.

நாப்கோ என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். மினியாபொலிஸ் நகரத்து நார்த்வெஸ்டர்ன் ஆட்டோ பார்ட்ஸ் கம்பெனியின் சுருக்கப் பெயர் அது. பின்சக்கரம் மட்டும் இழுக்கும் சாதாரண டிரக்கை நாலு சக்கரமும் இழுக்கும்படி மாற்றுவதற்கு 'பவர்-பேக்' என்ற பெயரில் ஒரு முழு கிட் விற்றார்கள். இழுவையுள்ள முன் ஆக்ஸில், இரண்டு வேக டிரான்ஸ்ஃபர் கேஸ், ஷாஃப்டுகள், பிராக்கெட்டுகள், லீவர்கள் எல்லாம் அதில் அடக்கம். டாட்ஜ் 1946இலேயே பவர் வேகன் என்று நாலு சக்கர இழுவை வண்டியைத் தானே செய்து பொதுமக்களுக்கு விற்கத் தொடங்கிவிட்டது. ஃபோர்டு 1959 வரையும், செவர்லே, ஜி.எம்.சி. வண்டிகளைச் செய்யும் ஜெனரல் மோட்டார்ஸ் (ஜி.எம்.) 1960 வரையும் சொந்தமாகச் செய்யவில்லை. அந்த இடைவெளியில்தான் நாப்கோ பிழைத்தது. ஒரு பிக்கப்பின் விலையே 2,000 டாலருக்குள் இருந்த காலத்தில் கிட்டுக்கு மட்டும் 1,000 டாலருக்கு மேல் கொடுக்க வேண்டும். ஆசைக்காக யாரும் வாங்கியிருக்க மாட்டார்கள். பனியிலும் சேற்றிலும் மாட்டிக்கொண்டு தொழில் கெட்டவர்கள் வாங்கினார்கள்.

இந்த கிட் ஒரு வண்டிக்கு வந்து சேர்ந்த வழிகள் பல. பண்ணைக்காரர் வாங்கிவந்து ஊர்ப் பட்டறையில் மாட்டியிருக்கலாம். புது வண்டியை விற்ற டீலரே, வாடிக்கையாளர் சாவியை வாங்குவதற்கு முன்பு மாட்டிக் கொடுத்திருக்கலாம். 1956இலிருந்து ஜி.எம்.சி.யும், 1957இலிருந்து செவர்லேயும், இதே நாப்கோ சாமானைத் தங்கள் ஆர்டர் பட்டியலிலேயே ஆப்ஷனாக வைத்தன. அப்படி ஆர்டர் கொடுத்தும் வாங்கியிருக்கலாம். நீங்கள் 'ஃபேக்டரி' என்று சொல்வது இந்தக் கடைசி வகையைத்தான். அப்புறம் இன்னொரு வழி இருக்கிறது, அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. துருப்பிடித்து மடிந்த ஒரு நாப்கோவின் அடிப்பாகத்தை முப்பது நாற்பது வருஷம் கழித்துக் கழற்றி, நல்ல கேபின் உள்ள ஒரு சாதாரண வண்டிக்கு மாட்டுவது. இது குற்றமில்லை. ஆனால் அதுவும் இன்று உங்கள் அறிவிப்புகளில் 'ஃபேக்டரி' ஆகிவிடுகிறது.

சிக்கல் எங்கே இருக்கிறது என்றால், எந்த வழியில் வந்தாலும் சாமான் ஒன்றுதான். அதே ஆக்ஸில், அதே போல்ட், அதே டிரான்ஸ்ஃபர் கேஸ். முன் ஆக்ஸிலைப் பார்த்து, "இது ஆர்டர் ஷீட்டில் வந்தது, இது பண்ணையில் மாட்டியது" என்று சொல்பவர் கிளி ஜோசியம் சொல்லலாம்.

சரி, காகிதத்தைப் பார்க்கலாமே என்றால் அதுவும் இல்லை. 1967க்குப் பிந்தைய ஃபோர்டு வைத்திருப்பவர் மார்ட்டி ரிப்போர்ட் வாங்கி, தன் வண்டி எந்த நிறத்தில், எந்த ஆப்ஷனோடு தொழிற்சாலையை விட்டு வந்தது என்று வரி வரியாகப் படித்துக்கொள்ளலாம். கனடாவில் கட்டிய ஜி.எம். வண்டிக்கு அந்நாட்டு ஜி.எம்.மிடமிருந்தே ஆவணம் வாங்கலாம். அமெரிக்காவில் கட்டிய 1950களின் செவர்லே டிரக்குக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. அந்த மாடல் ஆண்டுக்கான பொதுவான தகவல் கிடைக்கும். உங்கள் வண்டியின் ஜாதகம் கிடைக்காது. கதவுத் தூணில் உள்ள தகடு என்ன சொல்கிறது? நான் பார்த்த வண்டியில் 3A58J என்று தொடங்கியது. 3A என்றால் 3100 சீரீஸ் அரை டன், 58 ஆண்டு, J என்றால் விஸ்கான்சின் மாநிலத்து ஜேன்ஸ்வில் பிளாண்ட். அதன் பிறகு வரிசை எண். அவ்வளவுதான். 1960இல் ஜி.எம். சொந்தமாக நாலு சக்கர இழுவை செய்யத் தொடங்கிய பிறகுதான் எண்ணிலேயே K என்ற எழுத்து வந்து உட்கார்ந்தது. அதற்கு முந்தைய வண்டிகளுக்கு மூலப்பத்திரமும் இல்லை, வில்லங்கச் சான்றும் இல்லை. வில்லங்கம் மட்டும் இருக்கிறது.

பத்திரம் இல்லாத நிலத்துக்கு ஊர்ப் பெரியவர் வாய்வார்த்தைதான் சாட்சி. இங்கேயும் அதுதான் நடக்கிறது. முதல் சொந்தக்காரரின் மகன், "கடையில வாங்கும்போதே அப்படித்தான் இருந்துதுன்னு அப்பா சொன்ன ஞாபகம்" என்கிறார். அடுத்த விற்பனையில் அது 'ஃபேக்டரி என்று நம்பப்படுகிறது' ஆகிறது. அதற்கடுத்த விற்பனையில் 'நம்பப்படுகிறது' உதிர்ந்துவிடுகிறது. ஈரைப் பேனாக்கி, பேனைப் பெருமாளாக்கி, பெருமாளுக்கு ஏலக்கூடத்தில் மணியும் அடித்துவிடுகிறீர்கள். முந்தைய ஏலத்தின் அறிவிப்பையே அடுத்த மதிப்பீட்டாளர் ஆதாரமாகக் காட்டுகிறார். அவர் சான்றை அதற்கடுத்தவர் காட்டுகிறார். இந்தச் சங்கிலியில் ஒருவராவது வண்டிக்கு அடியில் படுத்தாரா என்பதுதான் என் கேள்வி.

ஏனென்றால் காகிதம் இல்லாவிட்டாலும் இரும்பு கொஞ்சம் பேசும். அது பேசுவதைக் கேட்க நேரம் வேண்டும், ஒரு டார்ச் வேண்டும், பழைய சட்டை ஒன்று வேண்டும்.

கேபினின் தரையைப் பாருங்கள். டிரான்ஸ்ஃபர் கேஸின் லீவர்கள் மேலே வருவதற்குத் தரைத் தகட்டில் ஓட்டை போட்டாக வேண்டும். அந்த ஓட்டையின் விளிம்பு எப்படி இருக்கிறது? எரிவாயுச் சுடரால் வெட்டிய இடத்தில் இரும்பு உருகி, உறைந்து, ஓரம் பல் பல்லாக நிற்கும். உளியால் வெட்டியிருந்தால் ஒவ்வொரு அடியும் தனித்தனிப் பள்ளமாகத் தெரியும், விளிம்பு கீழ்ப்பக்கமாக மடங்கியிருக்கும். ஒழுங்கான கருவியால் வெட்டியது வேறு மாதிரி. வெட்டு விளிம்பில் கேபினின் முதல் பெயிண்ட் படிந்திருக்கிறதா, இல்லை பெயிண்டைக் கீறிக்கொண்டு வெட்டு போகிறதா என்று பார்த்தால் எது முந்தி எது பிந்தி என்று விளங்கிவிடும். தரை விரிப்பைத் தூக்கினால் பார்க்கக் கூடிய விஷயம் இது. உங்கள் அறிவிப்புகளில் நூறு படம் போடுகிறீர்கள். குரோம் பம்பருக்கு மட்டும் பன்னிரண்டு. இந்த ஓட்டைக்கு ஒன்றுகூட இல்லை.

அப்புறம் கிரவுன், பினியன். நாலு சக்கரமும் இழுக்க வேண்டுமானால் முன் டிஃபரன்ஷியலும் பின் டிஃபரன்ஷியலும் ஒரே விகிதத்தில் இருந்தாக வேண்டும். விகிதம் என்பது, சக்கரம் ஒரு சுற்று சுற்ற ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்ற கணக்கு. அந்தக் காலத்துச் செவர்லே அரை டன்னில் வழக்கமான விகிதம் 3.90, முக்கால் டன்னில் 4.57. ஒரு முறை, பளபளவென்று புதுப்பித்த அரை டன் வண்டி ஒன்றை ஜாக்கியில் தூக்கினேன். ஷாஃப்டில் சாக்பீஸால் கோடு போட்டு, இரண்டு சக்கரத்தையும் சேர்த்து ஒரு முழுச் சுற்று சுற்றவைத்து எண்ணினேன். பின்னால் நாலுக்குச் சற்றுக் குறைவு. முன்னால் நாலரைக்கு மேல். முக்கால் டன் வண்டியின் முன் ஆக்ஸில் அரை டன் வண்டிக்குக் குடிவந்திருக்கிறது. "ஃபோர் வீல் போட்டா வண்டி குதிக்குது, கியர் பாக்ஸ் சரியில்ல போலிருக்கு" என்று சொந்தக்காரர் சொல்லிக்கொண்டிருந்தார். கியர் பாக்ஸ் பாவம். அந்த வண்டிக்கும் 'ஃபேக்டரி' என்றொரு சான்று இருந்தது, கையெழுத்தும் முத்திரையுமாக.

பழைய மாடல்களில் இன்னும் சுலபம். 1955 மார்ச்சில் புது மாடல் வரும் வரை செவர்லேயின் அரை டன் பிக்கப்பில் பின் ஷாஃப்ட் ஒரு குழாய்க்குள் மூடிக் கிடக்கும். டார்க் டியூப் என்பார்கள். கியர் பாக்ஸுக்குப் பின்னால் தனியாக டிரான்ஸ்ஃபர் கேஸைத் தொங்கவிட வேண்டுமென்றால் அந்த ஏற்பாட்டையே பிடுங்கிப் போட்டுத் திறந்த ஷாஃப்டுக்கு மாற்ற வேண்டும். ஆகவே 1951 அரை டன் வண்டி ஒன்றில் யாராவது நாப்கோ காட்டினால், முதலில் பின் ஆக்ஸிலுக்குத்தான் கதை கேட்க வேண்டும்.

பேட்ஜைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மட்கார்டில் ஒட்டுகிற பேட்ஜும், லீவரை எப்படிப் போடுவது என்று சொல்லும் தகடும் இப்போது புதிதாகவே அச்சடித்து விற்கிறார்கள். பேட்ஜ் இருப்பதால் நாப்கோ என்பது, நாமம் போட்டிருப்பதால் ஐயங்கார் என்பது மாதிரி. அறுபதுகளின் K வரிசை வண்டியின் ஆக்ஸிலை மாட்டிவிட்டு, 'நாப்கோ ஸ்டைல்' என்று பெயர் வைத்து, இரண்டு கை மாறியதும் 'ஸ்டைலை' உதிர்த்துவிட்ட வண்டிகளையும் பார்த்திருக்கிறேன்.

அந்த அக்டோபர் வண்டிக்கு வருகிறேன். மண்ணையும் வைக்கோலையும் பார்த்த பிறகு எழுந்து வந்து, கொட்டகைக்காரரிடம் கேட்டேன். எண்பதை நெருங்கியவர். வண்டியை வாங்கியது அவர் அப்பா. "ஃபேக்டரியா இல்லையான்னு எனக்குத் தெரியாதுப்பா. அப்பாவோட நோட்டு இருக்கு, வேணும்னா பாரு" என்கிற மாதிரி ஏதோ சொன்னார். உள்ளே போய் ஒரு ஷூ பெட்டியை எடுத்துவந்தார். அதில் சட்டைப் பையில் அடங்குகிற சின்னச் சின்ன நோட்டுகள். விதைக் கம்பெனிகளும் தானிய மண்டிகளும் விவசாயிகளுக்கு இலவசமாகக் கொடுப்பவை. அட்டையில் விளம்பரம், உள்ளே நாள்காட்டி, மீதி வெற்றுத்தாள். பென்சிலில் எழுதியிருந்தது. 1958 நோட்டில் டிரக் வாங்கிய கணக்கு. 1959 ஏப்ரலில், பனி உருகுகிற மாதத்தில், டிரக் புதைந்தது, டிராக்டர் வைத்து இழுத்தோம் என்று ஒரு வாரத்தில் மூன்று முறை. அதே வருஷம் நவம்பரில், அறுவடை முடிந்த பிறகு, 'டிரக் — முன் டிரைவ்' என்று ஒரு வரி, பக்கத்தில் ஒரு தொகை, டீலர் இருந்த ஊரின் பெயர். தொகைக்குக் கீழே இரண்டு கோடு. இரண்டாவது கோடு போட்டபோது பென்சில் முனை தாளைக் கிழித்திருக்கிறது.

அந்தக் கிழிசலை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வருஷம் சேற்றோடு மல்லாடிவிட்டு, வண்டி விலையில் பாதிக்கு மேல் எடுத்துக் கொடுத்த மனிதர். இந்த நோட்டை விடப் பெரிய சான்று வேறென்ன வேண்டும்? கிட் மாட்டிய மாதமும் ஊரும் காரணமும் தெரிந்த நாப்கோ எத்தனை இருக்கும்?

ஏலக்காரர்களுக்கு எழுதினேன். படங்களோடு, பணிவாக. பெயர் சொல்லப் போவதில்லை, அவர்களுக்குத் தெரியும். வந்த பதிலின் சாரம் இதுதான்: டீலர் மாட்டியது என்று போட்டால் விலை இறங்கும், 'ஃபேக்டரி' என்பதை இந்தத் தொழிலில் பரந்த பொருளில்தான் பயன்படுத்துகிறோம். அறிவிப்பு மாறவில்லை. நண்பர் கை தூக்கவில்லை. வேறு யாரோ தூக்கினார்கள்.

நான் நாமக்கல் பக்கத்துக்காரன். எங்கள் ஊரில் லாரி என்பது கம்பெனி கொடுக்கும் சேசிஸோடு முடிகிற சமாச்சாரம் இல்லை. சேசிஸ் ஒரு இடத்தில் வாங்கி, பாடி இன்னொரு இடத்தில் கட்டுவார்கள். பாடி கட்டிய பட்டறையின் பெயரை லாரியிலேயே எழுதி வைப்பார்கள். என் அப்பா ஒரு லாரியைத் தாண்டிப் போகும்போது முதலில் அந்தப் பெயரைத்தான் படிப்பார். சேசிஸ் எந்தக் கம்பெனி என்பதைப் பிறகுதான் சொல்வார். கம்பெனியிலிருந்தே முழுசாக வந்தால் உசத்தி, பட்டறையில் கட்டினால் மட்டம் என்று அவரிடம் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பார். பட்டறை வேலைதான் அங்கே பேச்சு.

அமெரிக்காவிலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. இண்டியானாபொலிஸில் வால்டர் மார்மனும் ஆர்தர் ஹெரிங்டனும் 1931இல் தொடங்கிய கம்பெனி, முப்பதுகளின் நடுவிலிருந்து ஃபோர்டு வண்டிகளை வாங்கி நாலு சக்கர இழுவையாக மாற்றிக் கொடுத்தது. (இந்த ஹெரிங்டன்தான் 1942இல் இந்தியாவுக்கு வந்த அமெரிக்கத் தொழில்நுட்பக் குழுவில் ஒருவராக வந்தவர்.) மார்மன்-ஹெரிங்டன் ஃபோர்டு வைத்திருப்பவர் அந்த மாற்றியவர்களின் பெயரைத்தான் முதலில் சொல்வார். 'இது ஃபோர்டு தொழிற்சாலையிலிருந்தே வந்தது' என்று சாதிக்க அவருக்கு அவசியமே இல்லை. நாப்கோவுக்கு மட்டும் ஏன் அப்பன் பெயரை மாற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது?

விலைதான் காரணம், தெரியும். நான் சன்னியாசி இல்லை. வாங்கியும் இருக்கிறேன், விற்றும் இருக்கிறேன். ஆனால் அந்த விலை வித்தியாசத்தை உண்டாக்கியவர்கள் நீங்கள்தான். நிரூபிக்க வழியில்லாத ஒரு குணத்துக்கு அதிக விலை வைத்துவிட்டு, நிரூபிக்க முடிந்த ஒரு வரலாற்றுக்குக் குறைந்த விலை வைத்திருக்கிறீர்கள். ஷூ பெட்டி நோட்டோடு வருகிற வண்டி, வாய்வார்த்தையோடு வருகிற வண்டியை விட மலிவு என்றால் எந்தச் சந்தை அது?

உங்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. 'ஃபேக்டரி' என்று எழுதுவதற்கு முன் ஆர்டர் காகிதமோ, டீலர் பில்லோ, அந்தக் காலத்துச் சிட்டையோ ஒன்று கையில் இருக்கட்டும். இல்லையென்றால் 'நாப்கோ பொருத்தியது. எப்போது, எங்கே என்பதற்கு ஆதாரம் இல்லை' என்று போடுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். மதிப்பீட்டாளர்கள் தங்கள் சான்றில், எதைக் கண்ணால் பார்த்தார்கள், எதைக் காதால் கேட்டார்கள் என்று பிரித்து எழுதட்டும். வண்டியோடு வரும் நோட்டு, பில், பழைய நம்பர் பிளேட், குடும்பப் படம் எதையும் வண்டியிலிருந்து பிரிக்காதீர்கள்.

பட்டறைக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. சேசிஸைச் சாண்ட் பிளாஸ்டிங்குக்கு அனுப்பும் முன் ஒரு நாள் ஒதுக்குங்கள். பிராக்கெட்டுகளின் அடி, போல்ட் தலை, தரை ஓட்டை, சாக்பீஸ் எழுத்து, பெயிண்ட் அடுக்கு, எல்லாவற்றையும் பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படம் எடுங்கள். அறுபது வருஷத்து அழுக்கை நீங்கள் அழுக்காகப் பார்க்கிறீர்கள். அதற்கு மேல் அந்த வண்டியைப் பற்றி எழுதி வைத்த ஆவணம் வேறெதுவும் இல்லை. இதை உபதேசமாகச் சொல்ல எனக்கு வாயில்லை. ஆறு வருஷத்துக்கு முன் என் சொந்த 1957 முக்கால் டன் வண்டியின் சேசிஸை நானே கொண்டுபோய் மணல் பீய்ச்சி வெள்ளை வெளேரென்று ஆக்கிக் கொண்டுவந்தேன். அன்றைக்கு அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். இப்போது என் வண்டி எந்த வகை என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. அது ஆர்டர் ஷீட்டில் வந்ததாகவே இருந்திருக்கலாம். அதைச் சொல்லியிருக்கக் கூடிய மண் எல்லாம் அந்தப் பட்டறைத் தரையில் கூட்டி அள்ளப்பட்டுவிட்டது.

கடைசியாக, பெயர் தெரியாத ஒருவருக்கு. சென்ற இலையுதிர் காலத்தில் 3A58J என்று தொடங்கும் பச்சை அப்பாச்சியை 'ஃபேக்டரி நாப்கோ' என்று நம்பி வாங்கியவருக்கு: வாங்கியதற்கு வருத்தப்படாதீர்கள், நல்ல வண்டி. 1958, 59 நோட்டுகள் இரண்டும் அந்தப் பெரியவரிடம்தான் இருக்கின்றன. வண்டியோடு கொடுக்க ஏலக்காரர்கள் கேட்கவே இல்லையாம். நீங்கள் கேட்டால் தருவார் என்று நினைக்கிறேன். இடப்பக்க பிராக்கெட்டை மட்டும் இப்போதைக்குக் கழற்றாதீர்கள். நான் எடுத்தது ஒரு சிட்டிகைதான், மீதி மண் இன்னும் உள்ளே இருக்கிறது.

இப்படிக்கு,
மினசோட்டாவிலிருந்து ஒரு நாமக்கல்காரன்